வன்னியபெருமாள் விமானத்தில் இருந்த நாலு நாள்

கொஞ்சம் நெருங்கி வாருங்கள் மக்களே. காலை நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். கைப்பிள்ளைக்காரி பிள்ளையை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டாம். அது அழுதால் அழட்டும், இந்தக் கதையில் வருகிற ஆபீசர்களைவிட அதிகச் சத்தம் போட்டுவிடாது. தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், பறக்கவே பறக்காத ஒரு விமானத்தில் நாலு நாள் இருந்துவிட்டு வந்த ஒரு மனிதனின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், எனக்காக அடக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில், சாக்கை என்கிற பகுதிக்குப் பக்கத்தில், பழைய விமான மின் இணைப்பிகள் பாதுகாப்புக் கழகம் என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். விமானத்துக்குள் வயரோடு வயரைச் சேர்க்கிற பிளக்கும் சாக்கெட்டும்தான் இணைப்பி. மாதுளம்பிஞ்சு அளவில் உருண்டையாக இருக்கும். அலுமினிய உடம்பு, மரை போட்ட வளையம், தூசு போகாதபடி மூட ஒரு மூடி, மூடி தொலையாமலிருக்க ஒரு சின்னச் சங்கிலி. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்திய விமானங்களிலிருந்து கழற்றிய அந்த மாதிரி உருண்டைகள் நாலாயிரத்துச் சொச்சம் அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க அறுபத்தொரு பேர் இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. வேறு வேலை செய்தால் மெமோ.

முள் உள்ள பிளக்கை ஆண் என்றும், துளை உள்ள சாக்கெட்டைப் பெண் என்றும் அந்தத் தொழிலில் சொல்வார்கள். ஆகவே கழகத்தில் ஆண் பிரிவு இரண்டாம் மாடியிலும் பெண் பிரிவு முதல் மாடியிலும் இருந்தன. தனித்தனிப் படிக்கட்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் தேயும், தேய்ந்தால் சரித்திரம் குறையும் என்று டைரக்டர் சத்தியதாஸ் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டிடத்தில் ஒரு பிளக்கும் ஒரு சாக்கெட்டோடும் சேரவில்லை. அதற்காக வருஷா வருஷம் விழா எடுத்தார்கள்.

ஆண் பிரிவுக்குத் தலைவர் கல்யாணராமன். பெண் பிரிவுக்குத் தலைவி அனந்தலக்ஷ்மி. இரண்டு பேரும் வலியசாலையில் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஏனென்றால் இருபத்திரண்டு வருஷமாகப் புருஷன் பெண்டாட்டி. ஆனால் ஆபீஸ் காம்பவுண்டுக்குள் இரண்டு பிரிவும் டைரக்டர் வழியாக ஃபைலில் மட்டுமே பேசலாம் என்பது விதி. ஒருநாள் கல்யாணராமனின் சாப்பாட்டுப் பாத்திரம் மாறி அம்மாளின் மேசைக்குப் போய்விட்டது. அது திரும்பி வர பதினோரு நாள் ஆனது. தயிர்சாதம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

காம்பவுண்டின் நடுவில் மூன்று கான்கிரீட் தூண்கள் மேல் ஒரு பழைய விமானம் நின்றது. அதன் கதவுக்குக் கழகம் ஒரு மின்பூட்டு வைத்திருந்தது. கரண்ட் இருந்தால் திறக்கும், போனால் தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும். பாரம்பரியம் கெடக்கூடாது என்று, அந்தக் கரண்டை விமானத்தின் வயிற்றில் இருந்த பழைய சாக்கெட் வழியாகவே உள்ளே விட்டிருந்தார்கள். பூட்டு வைத்த மெக்கானிக், மேலே யாரையும் கேட்காமல், பெட்டியிலிருந்து பதினாலாம் நம்பர் பிளக்கை எடுத்துச் சொருகிவிட்டுப் போய்விட்டான். சொருகியது மூன்று வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை. சங்கிலியைக் கழற்றி மூடியை மட்டும் பெட்டியில் விட்டுவிட்டிருந்தான். மூடியை எண்ணினார்கள், கணக்குச் சரியாக இருந்தது.

ஓண வாரம் வந்தால் நகரத்தில் ஆபீஸ்களுக்கெல்லாம் விளக்கு அலங்காரம் செய்வார்கள், தெரியுமல்லவா? நன்றாக எரிகிற ஆபீசுக்குக் கப் கொடுப்பார்கள். அந்த வருஷம் விமானத்துக்கு உள்ளும் புறமும் சீரியல் பல்பு கட்டுகிற வேலை ஆரியசாலை பூமாரி சவுண்ட் அண்ட் லைட்ஸுக்குக் கிடைத்தது. பூமாரியும் அவள் புருஷன் வன்னியபெருமாளும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவள் தரையில் நின்று வயரை அளந்து கொடுப்பாள், அவர் மேலே ஏறிக் கட்டுவார். அந்த வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் அவர்கள் மகள் பொன்செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பாறசாலை. இந்த ஒரு வேலையைத் திங்கட்கிழமை முடித்துவிட்டால் பிறகு பந்தல் வேலைதான் என்று இருவரும் காலையிலேயே வந்தார்கள்.

வன்னியபெருமாள் வெளிப்பக்கம் கட்டி முடித்து, உள்ளே போய் பல்புச் சரத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது, கல்யாணராமன் வருடாந்தரச் சரிபார்ப்புக்காகக் கையில் பட்டியலோடு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக விமானத்துக்குக் கீழே குனிந்தார். குனிந்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! பதினாலு! சேர்ந்திருக்கே!"

வெள்ளைத் துணியால் பிடித்து, வளையத்தைத் திருகி, பிளக்கைப் பிடுங்கி, அதன் பின்னாலிருந்த கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு, துடைத்து, இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோய், மூடி போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை குத்தினார். அவர் பிடுங்கிய நொடியில் விமானக் கதவு 'டக்' என்று பூட்டிக்கொண்டது. உள்ளே பல்பெல்லாம் அணைந்தது. சாக்கெட் தனியாகிவிட்டபடியால் அது பெண் பிரிவின் பொறுப்புக்கு வந்தது. அனந்தலக்ஷ்மி அம்மாள் இறங்கி வந்து அதற்கு ஒரு மூடி போட்டு, அதன் மேலும் அரக்கு குத்தினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் தொடர்பு.

விமானி உட்காரும் இடத்தில் ஒரு ஜன்னல் ஒரு சாண் அகலத்துக்கு நகரும். அதன் வழியாக வன்னியபெருமாளின் மூக்கும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"ஏட்டி பூமாரி! கரண்டு போயிட்டு!"

"கரண்டு போவலைங்க. மேல்மாடிக்குப் போயிருக்கு. இருங்க, கேட்டுட்டு வாரேன்."

கல்யாணராமன் அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர்தான்.

"ஸாரே, அந்தப் பிளக்கை ஒரு நிமிசம் சொருகுங்க. கதவு தெறந்திரும்."

"கதவைத் திறக்கறது பெரிசில்லேம்மா. எந்த விதிப்படி திறக்கறதுங்கறதாக்கும் விஷயம். இந்தப் பிளக்குக்கு இருபத்தாறு முள். பத்தொம்பது வருஷ சர்வீஸ்ல ஒரு முள்ளையாவது நான் உபயோகப்பட விட்டிருக்கேனா? கேளேன்! விட்டதில்லை. அதுக்காகத்தான் நேக்கு நற்சேவைப் பத்திரமே குடுத்தா."

"அப்ப பிளக்கு வேண்டாம். ரெண்டு வயரை மட்டும் சாக்கெட்டுல தொட்டு வைக்கேன்."

"சாக்கெட்டைப் பத்தி என்கிட்டே பேசப்படாது," என்று அவர் காதைப் பொத்திக்கொண்டார். "அது அந்தப் பிரிவு."

சேர்க்க வேண்டுமானால் ஆண் பிரிவில் ஒரு ஃபைல், பெண் பிரிவில் ஒரு ஃபைல், கூட்டுக் கமிட்டி, பிறகு இரண்டுக்கும் பொருத்தச் சான்று வேண்டுமாம். கதவைக் கடப்பாரையால் நெம்பலாமா என்று கேட்டாள். பாரம்பரியச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் மூன்று வருஷம் ஜெயில் என்று போர்டைக் காட்டினார்கள். பூமாரி இறங்கிப் போய் நாலு தோசையைச் சுருட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். மற்ற வசதிக்கும் அந்த விமானத்தில் ஒரு சின்ன அறை உண்டு மக்களே, கவலைப்படாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை டைரக்டர் சத்தியதாஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் மகிழ்ச்சி.

"பூமாரி, உன் பிரஸ்னம் பாதி தீர்ந்நு. சரிபார்ப்பு நாள்ல விமானத்துக்குள்ள எது இருந்நாலும் அது ஸ்டாக். உன் பர்த்தாவை ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு." அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொருள் எண் இருநூற்றுப் பன்னிரண்டு: மனிதன். எண்ணிக்கை: ஒன்று. நிலை: நன்று. லேசாகத் துரு என்று எழுதி அடித்திருந்தது.

"ஸாரே! வெள்ளிக்கிழமை எம்மக கல்யாணம். தாரை வார்த்துக் குடுக்க அவரு வேணுமே!"

"நீ வெஷமிக்கண்டா, கவலைப்படாதே. இந்தக் கழகத்தில ஸ்டாக்கில ஏறின ஒரு சாதனமும் இதுவரை காணாமப் போனதில்ல. அவரை நாங்கள் எழுபது எண்பது வருஷம் பத்ரமா வச்சுக்குவோம். வீட்டில இந்த மாதிரி கியாரண்டி ஆரு தருவாங்க?"

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தாள். "என்ன மதினி, அண்ணாச்சி சத்தத்தையே காணல? இருக்காகளா?"

பூமாரிக்குப் பொய் சொல்ல வராது. "அவுக விமானத்துல இருக்காக மதினி."

அந்தப் பக்கம் குரலில் சர்க்கரை கூடியது. "விமானத்துலயா! சொல்லவே இல்லியே! துபாயா, மஸ்கட்டா? ஏ, பொண்ணோட அப்பா கல்ஃபுக்காரராம்லே!" என்று வீட்டுக்குள் கத்துவது கேட்டது. பூமாரி வாயைத் திறப்பதற்குள் போன் வைக்கப்பட்டது. ஒரு மணி நேரத்தில் பாறசாலையிலிருந்து செய்தி வந்தது: மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் வருவதாக இருந்தது, இப்போது எண்பது பேர் வருகிறார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் பூமாரி வலியசாலைக்குப் போனாள். ஆபீசில்தானே விதி, வீட்டில் மனிதர்கள் மனிதர்களாக இருப்பார்கள் என்று நினைத்தாள். கல்யாணராமன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அனந்தலக்ஷ்மி அம்மாள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மாமி, உங்க சாக்கெட்டையும் ஸாரோட பிளக்கையும் ஒரே ஒரு நிமிசம் சேர்த்து வையுங்க."

"யாரோட பிளக்கு?"

"ஸாரோடது. இந்தா இருக்காருல்லா!"

அம்மாள் தன் புருஷனை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆண் பிரிவுத் தலைவரோட நேக்கு நேரடித் தொடர்பு கிடையாது. டெஸ்பாட்ச் வழியா வரட்டும்."

"அவா சொல்றது சரிதான்," என்றார் கல்யாணராமன் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "காப்பி?"

அம்மாள் காப்பியைக் கொடுத்தார். "நேத்து சமைச்ச மிளகூட்டான் நன்னாயிருந்ததுன்னு இவர் சொல்லணும்னாகூட, ஆபீஸ் வாசல் தாண்டறதுக்குள்ளே சொல்லிடணும். தாண்டிட்டா சாயங்காலம்தான். அப்படியொரு நேர்மைம்மா எங்களுக்கு!"

"உங்க ரெண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்துத்தானே கட்டி வச்சாங்க?"

"பத்துக்குப் பத்து!"

"பொறவு ஏன் மாமி பேசிக்கிடக் கூடாது?"

இருவரும் ஒரே நேரத்தில், ஒரே ராகத்தில் சொன்னார்கள்: "சர்வீஸ் ரூல்."

பத்து நிமிஷத்தில் இருவரும் கிளம்பி, ஒரே ஆட்டோவில் ஏறி, காம்பவுண்டு வாசலில் இறங்கி, ஆளுக்கொரு படிக்கட்டில் ஏறிப் போனார்கள். விமான ஜன்னலில் வன்னியபெருமாளின் கண் மட்டும் பூமாரியைத் தேடிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, பொன்செல்வி அழுதாளா?"

"அழல. கோவமா இருக்கா. அப்பா இல்லாம மணையில உக்கார மாட்டேங்கா."

"அப்ப கல்யாணம்?"

"நாளைக்குக் கமிட்டியாம்." சொல்லிவிட்டுப் பூமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல்புச் சரத்தைப் பிரித்துப் பிரித்து மறுபடியும் சுற்றினாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டுக் கமிட்டி கூடியது. கண்ணாடிப் பெட்டி மேசை மேல். ஒருபக்கம் கல்யாணராமன், மறுபக்கம் அனந்தலக்ஷ்மி, நடுவில் டைரக்டர். தலைவர்களில் ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் டைரக்டரைப் பார்த்துப் பதில் சொல்வார். டைரக்டர் அதையே திரும்ப இந்தப் பக்கம் சொல்வார். பிளக் பிறந்தது ஐம்பத்தொன்றில், சாக்கெட் ஐம்பத்து மூன்றில் என்று தெரிந்தது. பெண்ணுக்கு இரண்டு வயசு குறைவு, நல்லதுதான் என்றார் கல்யாணராமன். ஆனால் பிளக் ஒரு விமானத்தில் இருந்தது, சாக்கெட் இன்னொரு விமானத்தில். குலம் கோத்திரம் தெரியாமல் எப்படி என்றார் அம்மாள். கடைசியில் டைரக்டர் எழுந்து நின்றார்.

"ஒரு மனுஷன் உள்ளே இருக்காரு. சம்மதிக்கிறேன். பக்ஷே, மனுஷன் ஆயிரக்கணக்கில் உண்டு. இந்த மாதிரி பிளக்கு லோகத்தில எத்தனை உண்டு? நம்மள் இதை உபயோகிச்சா, அது வெறும் பிளக்காயிப் போகும். உபயோகிக்காத வரைக்கும்தான் நமக்கு உத்தியோகம்... மன்னிக்கணும், அதுக்கு மகத்துவம். நிபுணர் குழுவை வரவழைப்போம். துலாம் மாசம் வருவாங்க."

துலாம் மாசம் என்றால் ஐப்பசி. கல்யாணம் மறுநாள். வாசலில் நின்ற பூமாரி அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. இடுப்பில் செருகியிருந்த டெஸ்டரை எடுத்துப் பார்த்தாள், திரும்பச் செருகிக்கொண்டாள்.

"சரி ஸாரே. அப்ப நான் பல்பைக் கழட்டிட்டுப் போறேன்."

"எந்தினு, எதுக்குக் கழட்டணும்? இன்னைக்கு ஆறரைக்கு அலங்காரப் போட்டி நடுவர்கள் வராங்க!"

"விமானத்துப் பல்பெல்லாம் அந்தச் சாக்கெட்டு வழியாத்தானே எரியும்? பிளக்கு இல்லாம எப்படி எரியும்? அடுத்த ஆபீசுல பூக்களம் மாதிரி பல்பு போட்டிருக்காங்க, பார்த்தேன். சுத்துது. கப்பு அவங்களுக்குத்தான்."

டைரக்டர் ஐந்து வருஷமாக அந்தக் கப்பைக் கனவு கண்டுகொண்டிருந்தவர். அவர் முகம் கரண்ட் போன வீடு மாதிரி ஆனது. பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு ஃபைலும் ஒரே மேசைக்கு வந்தன. பொருத்தச் சான்று, அந்த இடத்திலேயே, ஒரு தாளின் பின்புறத்தில் எழுதப்பட்டது. இரண்டு அரக்கும் உடைந்தன. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். வாட்ச்மேன் வேலாயுதனைக் கூப்பிட்டு எழுத்தில் உத்தரவு கொடுத்தார்: "ஏழு மணிக்கு மேல் ஒரு நொடியும் சேர்ந்திருக்கக் கூடாது. பிரித்து, மூடி போட்டு, அரக்கு குத்தி, பெட்டியில் வைக்கவும். யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது." வேலாயுதன் அதை நாலாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டான்.

ஆறரைக்கு எல்லோரும் விமானத்துக்கு அடியில் நின்றார்கள். கல்யாணராமன் பிளக்கைப் பட்டுத்துணியில் ஏந்தி வந்தார், பூமாரி கரண்ட் வயரை அதன் பின்னால் மாட்டிக் கொடுத்தாள், அவர் சாக்கெட்டில் அழுத்தினார். போகவில்லை. டைரக்டர் அழுத்தினார். போகவில்லை. இருபத்தாறு முள்ளையும் எண்ணத் தெரியும், எந்தப் பக்கம் மேலே என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"தள்ளுங்க," என்றாள் பூமாரி. பிளக்கின் ஓரத்தில் ஒரு சின்ன மேடு உண்டு, சாக்கெட்டில் அது உட்கார ஒரு காடி. கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். திருப்பினாள். வைத்தாள். வளையத்தை ஒரு சுற்று. விமானம் இறக்கை நுனி வரை பளீரென்று எரிந்தது. கதவு திறந்தது. நாலு நாள் தாடியோடு வன்னியபெருமாள் ஏணியில் இறங்கி வந்தார்.

"நில்லு!" என்றார் டைரக்டர். "இருநூற்றுப் பன்னெண்டு கேட்டுக்கு வெளியே போகக் கூடாது!"

"எது ஸாரே இருநூத்திப் பன்னெண்டு?" என்றாள் பூமாரி. "விமானத்துக்குள்ள இருக்கிறதுதானே ஸ்டாக்கு? இவரு தரையில நிக்காரு. உள்ள போயி எண்ணிப் பாருங்க, இருக்கா இல்லியான்னு. கமிட்டி பார்த்துச் சொன்னா சரி."

விதிப்படி அது நியாயம். மூன்று பேரும் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார்கள். ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்து எண்ண வேண்டும் என்றார் கல்யாணராமன். இருக்கைக்குக் கீழேயும் பார்க்க வேண்டும் என்றார் அம்மாள். அவர்கள் நூற்று நாற்பதில் இருந்தபோது மணி ஏழு.

வேலாயுதன் தொப்பியைக் கழற்றி உத்தரவை இன்னொரு தரம் படித்தான். குனிந்தான். பிளக்கைப் பிடுங்கினான். டக்.

மூன்று ஜன்னலில் மூன்று முகம். "எடா வேலாயுதா! வையடா திரும்ப!"

"ஸாரே, யாரு பறஞ்சாலும் நிறுத்தக் கூடாதுன்னு ஸார்தன்னே எழுதித் தந்நதாணு," என்று சொல்லி, வேலாயுதன் வயரைக் கழற்றினான், மூடி போட்டான், அரக்கு உருக்கினான், பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். பிறகு ஒரு டார்ச்சோடு வந்து, ஜன்னல் வழியாகக் கேட்டு வாங்கிய ரிஜிஸ்டரில், பொறுப்பாக எழுதினான். பொருள் எண் இருநூற்றுப் பன்னிரண்டு: மனிதன். இருக்க வேண்டியது ஒன்று. இருப்பது மூன்று. கூடுதல் இரண்டு.

போட்டி நடுவர்கள் ஏழேகாலுக்குத்தான் வந்தார்கள். இருட்டு விமானத்தின் ஜன்னல்களில் மூன்று பேர் கை வீசிக் கத்துவதைப் பார்த்து, இத்தனை உயிரோட்டமான காட்சியை எந்த ஆபீசும் வைத்ததில்லை என்று மெச்சி, கப்பை வேலாயுதனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்குப் பொன்செல்வி மணையில் உட்கார்ந்தாள். வன்னியபெருமாள் சவரம் செய்து, புது வேட்டி கட்டி, மகள் கையைப் பிடித்துத் தாரை வார்த்தார். எண்பது பேரும் வரிசையாக வந்து, "பயணமெல்லாம் சுகந்தானே?" என்று கேட்டார்கள். "சுகம். சாப்பாடு வேளாவேளைக்கு வந்துச்சு. ஜன்னல் சீட்டு," என்றார்.

சாயங்காலம் பூமாரி மூன்று தூக்கில் பாயசம் எடுத்துக்கொண்டு கழகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு கூடை கயிற்றில் தொங்கியது. ஃபைல்கள் கூடையில் ஏறின, கையெழுத்தாகி இறங்கின. அறுபத்தொரு பேரில் மூன்று பேர் பூட்டிக் கிடக்கிறார்கள் என்பதால் கழகத்தில் ஒரு வேலையும் தடைபடவில்லை. ஊரில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பூமாரிக்கு மனசு கேட்கவில்லை. "ஸாரே, வேலாயுதண்ணன்கிட்ட பெட்டிச் சாவி இருக்கு. ஒரு திருகுதான். தெறந்து விடட்டா?"

உள்ளேயிருந்து டைரக்டரின் குரல் வந்தது, கமிட்டியில் பேசுகிற அதே குரல். "அப்ளிகேஷன் உண்டோ?"

"எது?"

"சேர்க்கிறதுக்கு அப்ளிகேஷன். ரெண்டு பிரிவிலும் ஃபைல் தொடங்கணும். துலாத்தில நிபுணர் வராங்களே. அதுவரை நீ தொடக்கூடாது. விதி எல்லாருக்கும் விதியாணு."

அவருக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. அனந்தலக்ஷ்மி அம்மாள் சிரிக்கிற சத்தம். டைரக்டர் கூடவே இருந்ததால், நடுவில் ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆபீஸ் நேரத்தில் கல்யாணராமன் தன் பெண்டாட்டியிடம் நேராகப் பேசிக்கொண்டிருந்தார். மிளகூட்டான் நன்றாக இருந்தது என்று சொன்னார்.

பூமாரி பாயசத்தைக் கூடையில் வைத்து, கயிற்றை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, தன் பல்புச் சரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவர்கள் எப்போது வெளியே வந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை மக்களே. துலாமும் வந்தது, போனது; கழகத்துக் கடுதாசிகளில் கையெழுத்து மட்டும் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது என்று கேள்வி.

சரி, எழுந்திருங்கள், பிள்ளை தூங்கிவிட்டது. உங்கள் வீட்டுக் கதவு எந்தக் கை தொட்டாலும் திறக்கட்டும். போனவர்கள் பொழுது சாயுமுன் திரும்பட்டும். உங்கள் வீட்டில் சேர வேண்டியவை ஒரு திருகில் சேரட்டும், சேர்ந்தவை ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கட்டும். அடுப்பும் விளக்கும் அணையாமல், எல்லாரும் நன்றாயிருங்கள்.